காஸ் போட்டால் சரியாகிவிடுமா? கார் ஏர்கோன் குளிராததற்குக் காரணம் தேடுவது எப்படி



அப்பா இ-ஹெய்லிங் ஓட்டுகிறார். எங்கள் வீடு கிள்ளானில், ஜாலான் மேரு பக்கம். காலையில் கேஎல் சென்ட்ரலுக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஃபெடரல் ஹைவேயில் கிளம்புவார். பிரிக்பீல்ட்ஸில் பசியாறிவிட்டு நாள் முழுக்க அந்தப் பக்கமே ஓட்டுவார். ஐந்தாறு மாதத்துக்கு முன் அவர் காரில் ஏர்கோன் குளிரவில்லை. முழுசாகக் கெடவில்லை, அதுதான் தொல்லை. ஹைவேயில் நன்றாகக் குளிரும். ஜாலான் துன் சம்பந்தனில் ஜேம் பிடித்தால் பத்து நிமிஷத்தில் வெந்நீர் ஆவி மாதிரி காற்று வரும்.

பட்டறைக்குப் போனார். பைப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காஸ் பத்தல ஐயா, டாப்-அப் பண்ணிடலாம்" என்றார்கள். எண்பது வெள்ளி. சாயந்திரம் வீட்டுக்கு வந்து, "சரியாயிடுச்சும்மா" என்றார். மூன்று நாளில் பழைய கதை. இன்னொரு பட்டறை, மறுபடியும் காஸ், மறுபடியும் எண்பது. மூன்றாவது தடவை தொண்ணூறு. இதற்கு நடுவில் அவர் மத்தியானம் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை அழைப்பே எடுப்பதில்லை என்று ஆகிவிட்டது. கிள்ளானில் டயாலிசிஸ் முடித்துவிட்டு வாரம் மூன்று நாள் அப்பா காரில் வீடு திரும்பும் ஒரு பாட்டி இருக்கிறார். அவர் ஒருநாள் மயக்கம் வருவதுபோல் இருக்கிறது என்று சொன்ன பிறகு, அப்பா அந்த வேலையையும் வேறு ஓட்டுநரிடம் விட்டுவிட்டார்.

நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. தெர்மோடைனமிக்ஸில் ஏ வாங்கியவள். அன்று ராத்திரி அப்பா, "நீ படிக்கிறது என்னாம்மா படிப்பு? இதுக்கு ஒன்னும் சொல்லித் தரலையா?" என்று கேட்டார். கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. அந்த வாரம் முழுக்க நோட்டையும் போனட்டையும் மாற்றி மாற்றித் திறந்து பார்த்து நான் கற்றுக்கொண்டதுதான் இந்தப் பாடம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விடவேண்டும். ஏர்கோன் காஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது, அவ்வளவுதான். ரப்பர் குழாய் வழியாகவும் கம்ப்ரசர் சீல் வழியாகவும் வருஷக்கணக்கில் கொஞ்சம் கசியும், அது உண்மை. ஆனால் நான்கு மாதத்தில் மூன்று தடவை "காஸ் தீர்ந்துபோச்சு" என்றால் இரண்டில் ஒன்றுதான்: பெரிய ஓட்டை இருக்கிறது, அல்லது காஸ் தீரவே இல்லை.

குளிர் எங்கிருந்து வருகிறது? ஏர்கோன் குளிரை உண்டாக்குவதில்லை; காருக்குள் இருக்கும் சூட்டைத் தூக்கி வெளியே கொட்டுகிறது. இன்று நம் சாலையில் ஓடும் பெரும்பாலான கார்களில் இருப்பது ஆர்-134ஏ என்ற காஸ். சாதாரணக் காற்றழுத்தத்தில் அது மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தத்தை ஏற்றினால் கொதிநிலையும் ஏறும். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் சுலபம். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் அழுத்தம் குறைவு, அதனால் திரவம் நாலைந்து டிகிரியில் கொதித்து, காருக்குள் இருக்கும் சூட்டை இழுத்துக்கொள்கிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை அமுக்கி ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சருக்கு அனுப்புகிறது. அங்கே அழுத்தம் அதிகம், காஸின் சூடு ஐம்பத்தைந்து அறுபது டிகிரிக்கு ஏறிவிடும். வெளியே முப்பத்து நான்கு டிகிரி வெயிலே இருந்தாலும், காற்று அடித்தால் அந்தச் சூடு வெளியேறி, ஆவி மறுபடி திரவமாகும். எக்ஸ்பேன்ஷன் வால்வின் சின்னத் துளை வழியாக அது மறுபடி கூலிங் காயிலுக்கு வருகிறது.

"காற்று அடித்தால்" என்று எழுதினேனே, அங்கேதான் அப்பாவின் இருநூற்று ஐம்பது வெள்ளி இருந்தது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

நம்ம ஊருக்கு இன்னொரு விஷயம் உண்டு. இங்கே காற்றில் ஈரப்பதம் ரொம்ப அதிகம். ஏர்கோன் காற்றைக் குளிர்விப்பதோடு அதிலிருக்கும் நீராவியைத் தண்ணீராகவும் மாற்றவேண்டியிருக்கிறது. கார் நின்ற இடத்தில் தரையில் சொட்டுகிற தண்ணீர் அதுதான். ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் சொட்டினால், அந்த வேலைக்கு மட்டும் கிட்டத்தட்ட 0.7 கிலோவாட் போய்விடும். அதனால்தான் ஜன்னலைத் துளி திறந்து வைத்தாலோ, வெளிக்காற்று பட்டன் தவறுதலாக அமுங்கியிருந்தாலோ குளிர் சட்டென்று குறைந்துவிடுகிறது. போனட்டைத் திறக்குமுன் அந்தப் பட்டனைப் பாருங்கள். சிரிக்காதீர்கள், என் சித்தப்பா காரில் அதுதான் கோளாறு. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். காருக்கு அடியில் தண்ணீரே சொட்டாமல் முன்சீட்டுக் கார்ப்பெட் நனைந்தால், தண்ணீர் வெளியேறும் சின்னக் குழாய் தூசியால் அடைத்திருக்கிறது.

இனி, கோளாறு தேடுவது. டாக்டர் முதலில் ஸ்கேன் எடுப்பதில்லை, "எப்போதிலிருந்து? எப்போதெல்லாம் வலிக்கிறது?" என்றுதான் கேட்பார். காருக்கும் அப்படியே.

காற்றே குறைவாக வருகிறதா, அல்லது காற்று நன்றாக வந்தும் சூடாக இருக்கிறதா? இதைத்தான் முதலில் பிரிக்கவேண்டும். காற்று குறைவென்றால் காஸைப் பற்றிப் பேச்சே வேண்டாம். கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். புகைமூட்டக் காலத்துக்குப் பிறகு என் தோழியின் காரில் கழற்றியபோது அது காப்பித்தூள் வடிகட்டி மாதிரி இருந்தது. சில பழைய மாடல்களில் ஃபில்டரே கிடையாது. அவற்றில் தூசி நேராகக் கூலிங் காயிலிலேயே போய் அப்பிக்கொள்ளும். விசிறி நான்காம் நம்பரில் மட்டும் ஓடி, ஒன்று இரண்டு மூன்றில் ஓடவில்லையென்றால் புளோவர் ரெசிஸ்டர் போயிருக்கலாம். சின்ன சாமான், விலையும் அதிகமில்லை.

முதல் அரை மணி நேரம் நன்றாகக் குளிர்ந்து, அப்புறம் காற்று மெல்ல மெல்லக் குறைந்து நின்றேவிடுகிறதா? ஈப்போவுக்கோ பினாங்குக்கோ போகும்போது இது தெரியும். கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது என்று அர்த்தம். காயில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாமல் கம்ப்ரசரை நிறுத்தவேண்டிய தெர்மிஸ்டர் வேலை செய்யவில்லை, அல்லது காற்றோட்டம் குறைவு. ஏர்கோனை நிறுத்தி விசிறியை மட்டும் கால் மணி நேரம் ஓடவிட்டால் மறுபடி காற்று வரும். வந்தால் சந்தேகம் உறுதி.

எப்போதுமே சூடுதானா? ஏர்கோன் பட்டனை அமுக்கச் சொல்லிவிட்டு, கையை வைக்காமல், கம்ப்ரசரைத் தள்ளி நின்று பாருங்கள். பல கார்களில் "டக்" என்று கிளட்ச் ஒட்டி முன்தட்டும் சேர்ந்து சுற்றும். ஒட்டவே இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, பிரஷர் சுவிட்ச் என்று வரிசையாகப் பார்க்கவேண்டும். காஸ் ரொம்பக் குறைந்தாலும் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரை ஓடவிடாது. எண்ணெய் சுற்றாமல் கம்ப்ரசர் வெந்துவிடக்கூடாதென்ற பாதுகாப்பு அது. அந்த சுவிட்சை வயர் போட்டு நேராகச் சேர்த்துவிட்டு "ஓடுது பாருங்க" என்பவர்களிடம் காரைக் கொடுக்காதீர்கள். கிளட்ச் சில விநாடிக்கு ஒருமுறை ஒட்டி ஒட்டி விட்டால் காஸ் குறைவுக்கு வாய்ப்பு அதிகம். கிளட்ச் இல்லாமல் எப்போதும் சுற்றும் கம்ப்ரசரும் இருக்கிறது, அங்கே இந்தச் சோதனை செல்லாது.

ஓடும்போது குளிர், நின்றால் சூடு. இதுதான் அப்பாவின் கார். நன்றாக யோசித்துப் பாருங்கள்: ஹைவேயில் போகும்போதும் ஜேமில் நிற்கும்போதும் உள்ளே இருக்கிற காஸ் ஒரே அளவுதான். மாறுவது கண்டென்சர்மேல் அடிக்கும் காற்று மட்டும்தான். ஓடும்போது எதிர்க்காற்று இலவசமாக அந்த வேலையைச் செய்கிறது. நின்றால் விசிறிதான் செய்யவேண்டும்.

சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, நடு வென்டில் செருகினேன். சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு அப்பாவோடு கிளம்பினேன். பத்து தீகா தாண்டி ஹைவேயில் 12 டிகிரி. பிரிக்பீல்ட்ஸில் ஜேமில் நின்ற பத்தாவது நிமிஷம் 19. ஒரு பெட்ரோல் நிலையத்தில் ஓரமாக நிறுத்தி, எஞ்சினையும் ஏர்கோனையும் ஓடவிட்டே, வாளித் தண்ணீரை முன் கிரில் வழியாகக் கண்டென்சர்மேல் மெதுவாக ஊற்றினேன். அப்பா உள்ளே உட்கார்ந்து தெர்மாமீட்டரைப் படித்தார். "பதினெட்டு... பதினாறு... ஏய், பதிமூனும்மா!" ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. காற்று செய்யவேண்டிய வேலையைத் தண்ணீர் செய்தது. காஸ் குறைவென்றால் தண்ணீர் ஊற்றி இந்த அளவுக்குக் குளிராது.

அடுத்தது தாள் சோதனை. கண்டென்சருக்கு முன்னால் ஒரு தாளைப் பிடித்தால் விசிறி அதை இழுத்து ஒட்டவைக்கவேண்டும். எங்கள் தாள் ஒட்டவில்லை, சும்மா ஆடியது. விசிறி சுற்றியது, அதனால்தான் மூன்று பட்டறையிலும் யாரும் சந்தேகப்படவில்லை. சுற்றுகிறதா என்று பார்த்தால் போதாது, போதுமான வேகத்தில் சுற்றுகிறதா என்று பார்க்கவேண்டும்.

மல்டிமீட்டரை எடுத்தேன். பேட்டரியில் 13.9 வோல்ட். விசிறி மோட்டாரின் கனெக்டரில், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளந்தால் 13.5. அங்கே ஒன்பது பத்து வோல்ட் காட்டியிருந்தால் குற்றவாளி வயரோ ரிலேயோ எர்த்தோ. முழு மின்சாரம் கிடைத்தும் மெதுவாகச் சுற்றினால் மோட்டாரேதான். உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துபோயிருந்தது என்பது பிறகு கழற்றியபோது தெரிந்தது. இந்த மாதிரிச் சோதனைக்குக் கனெக்டரைக் கழற்றிவிட்டு அளப்பது பெரிய தவறு. சுமை இல்லாதபோது கெட்ட வயரும் நல்ல வோல்ட்டேஜ் காட்டும். லேபில் இதற்கு எனக்கு ஒரு மார்க் போயிருக்கிறது.

காப்பாரில் ஒரு மாமா இருக்கிறார், அப்பாவுக்குத் தூரத்துச் சொந்தம். பல வருஷம் பஸ் ஏர்கோன் வேலை பார்த்தவர். அவரிடம் காரைக் கொண்டுபோனோம். கேஜை மாட்டுவதற்கு முன் எஞ்சினை நிறுத்தி வைத்துவிட்டு என்னைக் கேட்டார்: "பாப்பா, இப்ப ரெண்டு பக்கமும் நூறு கிட்ட காட்டுது. காஸ் இருக்கா, இல்லையா?"

நான் "இருக்கு, சரியா இருக்கு" என்றேன். தலையை ஆட்டினார். நின்றிருக்கும் காரில் அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெளிச்சூடுதான். முப்பது முப்பத்திரண்டு டிகிரியில் ஆர்-134ஏ காட்டுவது 97-லிருந்து 103 பி.எஸ்.ஐ. உள்ளே ஒரு கரண்டித் திரவம் இருந்தாலும் அதுதான், அரைக் கிலோ இருந்தாலும் அதுதான். பாடப் புத்தகத்தில் நான் நூறு தடவை வரைந்த கோடுதான் இது. ஆனால் அதை ஒரு காரில் பார்த்ததில்லை. சமையல் காஸ் தோம்பிலும் இதே கதைதான். அழுத்தத்தை வைத்து மீதி எவ்வளவு என்று சொல்லமுடியாது, தூக்கிப் பார்க்கவேண்டும்.

எஞ்சினை ஓடவிட்டோம். தாழ்வழுத்தப் பக்கம் 55, உயரழுத்தப் பக்கம் 300. இப்போது அந்த "அழுத்தம் ஏறினால் கொதிநிலை ஏறும்" வரிக்கு வருவோம். 55 பி.எஸ்.ஐ.-யில் ஆர்-134ஏ பதினாலு டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். காயிலே பதினாலில் இருந்தால் வென்டில் எப்படிப் பத்து வரும்? தெர்மாமீட்டர் காட்டிய 19-க்கு இதுதான் கணக்கு.

சாதாரணமாக நம்ம வெயிலில் தாழ்வழுத்தம் 30-லிருந்து 40-க்குள், உயரழுத்தம் 200-லிருந்து 250-க்குள் இருக்கும். மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும். இரண்டுமே குறைவென்றால் காஸ் குறைவு. இரண்டுமே அதிகமென்றால் காஸ் அதிகம், அல்லது கண்டென்சரில் காற்றோட்டம் இல்லை, அல்லது குழாய்க்குள் காற்று புகுந்திருக்கிறது. தாழ்வு அதிகமாகவும் உயர்வு குறைவாகவும் இருந்தால் கம்ப்ரசர் தேய்ந்துவிட்டது. தாழ்வுப் பக்கம் பூஜ்ஜியத்தை நோக்கி இறங்கினால் எக்ஸ்பேன்ஷன் வால்வு அடைப்பு. ஒரே ஒரு கேஜை மட்டும் மாட்டிப் பார்த்து முடிவு சொல்கிறவர் பாதிப் படத்தைத்தான் பார்க்கிறார். பைப்பைத் தொட்டு மட்டும் பார்க்கிறவரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

மாமா மெஷினை மாட்டி உள்ளே இருந்த காஸை முழுசாக வெளியே இழுத்து நிறுத்துப் பார்த்தார். 640 கிராம். போனட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எழுதியிருப்பது 450. மூன்று பட்டறையும் நிறுக்காமல் ஊற்றியது. கூடுதல் திரவம் கண்டென்சரின் கீழ்ப்பகுதியை அடைத்துக்கொண்டு, ஆவி குளிர்வதற்கான இடத்தைக் குறைத்திருக்கிறது. விசிறியும் மெதுவு. ஆக, அப்பா காசு கொடுத்து நோயை வாங்கியிருக்கிறார். திரவமாகவே கம்ப்ரசருக்குள் போயிருந்தால் கம்ப்ரசரும் போயிருக்கும், அது ஆயிரம் வெள்ளிச் சமாச்சாரம். "அப்புறம் ஏன் ஒவ்வொரு தடவையும் முதல்ல குளிர்ந்துச்சு?" என்று அப்பா கேட்டார். ஏனென்றால் மூன்று தடவையும் சாயந்திரம் காரை எடுத்து ஹைவேயில் ஓட்டி வீட்டுக்கு வந்திருக்கிறார். கோளாறு மத்தியானம், ஜேமில். சோதனையும் அங்கேதான் நடக்கவேண்டும்.

ஹாஃப்-கட் கடையில் பழைய விசிறி மோட்டார் தொண்ணூறு வெள்ளிக்குக் கிடைத்தது. கண்டென்சரின் தகடுகளைத் தண்ணீரால், குறைந்த வேகத்தில், கழுவினோம். பிறகு வாக்வம் பம்ப். இதை ஏன் அரை மணி நேரம் ஓடவிடுகிறார்கள் என்று பலருக்குத் தெரியாது. குழாய்க்குள் நம்ம ஊர் ஈரக்காற்று போனால் அந்தத் தண்ணீர் எக்ஸ்பேன்ஷன் வால்வில் ஐஸாக அடைக்கும், எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகவும் ஆகும். அழுத்தத்தை 4 கிலோபாஸ்கலுக்குக் கீழே இறக்கினால் முப்பது டிகிரியில்கூடத் தண்ணீர் கொதித்து ஆவியாகிவிடும். பம்ப் அதை உறிஞ்சிவிடும். பம்பை நிறுத்திக் கால் மணி நேரம் ஊசி நகராமல் நின்றால் ஓட்டை இல்லை என்பதற்கு ஓரளவு சான்று. அப்புறம் 450 கிராம், தராசில் வைத்து. தாழ்வு 33, உயர்வு 210. வென்டில் 9 டிகிரி, எஞ்சின் நின்ற இடத்திலேயே ஓடும்போது.

நிஜமாகவே கசிவு இருக்கும் காருக்கு என்ன செய்வது? இணைப்புகளில் எண்ணெய்ப் பசையோடு தூசி ஒட்டியிருக்கிறதா பாருங்கள். காஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் வெளியே வரும், அதனால் ஓட்டை தன் இடத்தைத் தானே காட்டிக்கொடுக்கும். சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி வரும். தெரியாவிட்டால் புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயம் போட்டுத் தேடச் சொல்லலாம். ஓட்டையை அடைக்காமல் காஸ் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சுமப்பதுதான்.

காஸை வானத்தில் திறந்துவிடுவதும் கூடாது. 1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகா காலத்துக் கார்களில் இருந்தது ஆர்-12. அது ஓசோன் படலத்தைத் தின்றது. 1987-இல் மொன்ட்ரியால் ஒப்பந்தம் வந்தது, மலேசியா 1989-இல் அதில் சேர்ந்தது, பிறகு கார்கள் ஆர்-134ஏ-வுக்கு மாறின. இது ஓசோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில், நூறு வருஷக் கணக்கில், அதே எடைக் கரியமில வாயுவைவிட 1300 மடங்குக்குக் குறையாது. அரைக் கிலோவைத் திறந்துவிட்டால் அறுநூற்றைம்பது கிலோவுக்குச் சமம். சில புதிய கார்களில் ஆர்-1234ஒய்எஃப் வருகிறது. அந்த அளவு பாதிப்பு இல்லை, ஆனால் இலேசாகத் தீப்பிடிக்கும், விலையும் அதிகம். இரண்டையும் கலக்கக்கூடாது.

வீட்டில் நீங்களே செய்யக்கூடியது எது, கூடாதது எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பட்டன், ஃபில்டர், தெர்மாமீட்டர், தாள், தண்ணீர், ஃபியூஸ் வரை தாராளமாகப் பாருங்கள். காஸ் குழாயைக் கழற்றவேண்டாம். பீறிட்டு வரும் திரவம் கண்ணிலோ கையிலோ பட்டால் அந்த இடம் உறைந்து புண்ணாகிவிடும். எஞ்சின் நின்ற பிறகும் விசிறி தானாகச் சுற்றும், விரல், துப்பட்டா, முடி எல்லாம் ஜாக்கிரதை. ஹைப்ரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு வயரைத் தொடவே கூடாது. அவற்றின் கம்ப்ரசர் எண்ணெயும் வேறு, சாதாரண எண்ணெயை ஊற்றினால் கெட்டுவிடும்.

பட்டறையில் கேட்கவேண்டியது மூன்றே கேள்வி: பழைய காஸ் எத்தனை கிராம் வெளியே வந்தது? ஸ்டிக்கரில் எத்தனை? இரண்டு கேஜிலும் என்ன எண் காட்டியது? மரியாதையாகக் கேளுங்கள். நல்ல போர்மன் சந்தோஷமாகச் சொல்வார், சிலர் கேஜைக் காட்டிப் பாடமே நடத்துவார்கள்.

ஆயுத பூஜைக்குக் காருக்குச் சந்தனப் பொட்டும் எலுமிச்சம்பழமும் வைக்கிறோமே, அதற்கு முந்தின ஞாயிறு வகுப்பு முடிந்ததும் மண்டபத்துக் கார் நிறுத்துமிடத்தில் தெர்மாமீட்டர், மல்டிமீட்டர், இரண்டு வாளித் தண்ணீரோடு நிற்பேன். ஏர்கோன் சரியில்லாத காரோடு வருகிறவர்கள், எப்போது குளிர்கிறது, எப்போது சுடுகிறது என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டு வாருங்கள். அப்பாவும் வருவார், பாட்டியை வீட்டில் இறக்கிவிட்ட பிறகு.